வளவுத் தூண்களும் ஒரு ஜூம் லென்ஸும்

லென்ஸ்களை மதிப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு செங்கல் சுவரையோ அச்சடித்த கோட்டு அட்டையையோ எதிரில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்கள். செட்டிநாட்டில் அதற்குத் தேவையே இல்லை. காரைக்குடியின் செக்காலையிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் விரைவில் ஏதேனும் ஒரு நகரத்தார் வீட்டின் முன் போய் நிற்கலாம். அந்த வீட்டின் வளவு, அதாவது திறந்த முற்றமும் அதைச் சுற்றி ஓடும் தூண் வரிசையும், ஒரு லென்ஸின் குணத்தையும் குறையையும் ஒரே படத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது, டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காலத்துத் தொழில்முறைப் படக்காரர்கள் காமிராவிலிருந்து கழற்றாமலே வைத்திருந்த 24-70 மி.மீ., எஃப் 2.8 ஜூம் லென்ஸை. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதை எடை போடுவது சரியாக இராது.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியாரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பயண எழுத்தாளராகவும் 'குமரி மலர்' ஆசிரியராகவும் இலக்கிய வாசகர் அவரை அறிவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் முறையாகப் புகைப்படக் கலை பயின்றவர் அவர். 1940இல் வெளிவந்த காந்தி ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து பிலிம் திரட்டினார். அவருடைய தலைமுறைப் படக்காரர்களுக்குப் பெரும்பாலும் நிலையான குவியத் தூரம் கொண்ட லென்ஸ்களே கதி. நெருக்கம் வேண்டுமென்றால் நெருங்கிப் போக வேண்டும். அகலம் வேண்டுமென்றால் பின்னால் நகர வேண்டும். எங்கே நிற்பது என்பதுதான் அன்றைய கலையின் பாதி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏவி.எம். நிறுவனம் காரைக்குடிக்கு வந்து கொட்டகை போட்டு, 1947இல் வெளியான 'நாம் இருவர்' படத்தை இங்கே எடுத்தபோதும் உலகின் நிலை ஏறக்குறைய அதுதான்.

ஜூம் என்பது சினிமாவும் தொலைக்காட்சியும் பெற்ற பிள்ளை. இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் நிறுவனம் 1932இலேயே சினிமாக் காமிராவுக்கு 'வாரோ' என்ற ஜூமைச் செய்துவிட்டது. 35 மி.மீ. புகைப்படக் காமிராவுக்கு முதல் ஜூம் வருவதற்கு 1959 ஆயிற்று: ஃபிராங்க் பேக் வடிவமைத்த, வாய்க்லேண்டர் பெயரில் வந்த 36-82 மி.மீ., எஃப் 2.8 ஜூமார். 1963இல் நிக்கான் தந்த 43-86 மி.மீ. லென்ஸ் ஏராளமாகப் புழங்கியது. அதன் முதல் வடிவம் நேர்கோடுகளை வளைத்துக்காட்டுவதில் பெற்ற கெட்ட பெயரும் அவ்வளவு பெரியது. "ஜூமா? சோம்பேறிகளின் கருவி" என்ற ஏளனத்தில் நியாயம் இருந்த காலம் அது.

ஏளனம் மெல்ல மெல்லத்தான் அடங்கியது. 1987இல் நிக்கானின் 35-70, எஃப் 2.8, 1993இல் கேனனின் 28-70, எஃப் 2.8, 2002இல் கேனனின் 24-70, 2007இல் நிக்கானின் 24-70. இந்த எண்களில் வலப்பக்கம் அசையவில்லை, இடப்பக்கம்தான் 35, 28, 24 என்று இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 35 மி.மீ. லென்ஸின் மூலைவிட்டப் பார்வைக் கோணம் 63 பாகை, 24 மி.மீ. லென்ஸுக்கு 84 பாகை. பட்டாலையில் முதுகு சுவரில் முட்ட நிற்கும் படக்காரருக்கு அந்த 21 பாகை என்பது பக்கத்துக்கு ஒரு தூண் கூடுதலாகக் கிடைப்பது.

ஆனால் டிஜிட்டல் இந்தக் கணக்கைச் சில ஆண்டுகள் குலைத்துப்போட்டது. தொடக்கத்தில் பெரும்பாலான டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.களின் உணரி பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. அதில் 24 மி.மீ. லென்ஸ், பிலிமில் 36 அல்லது 38 மி.மீ. பார்த்த அளவே பார்த்தது. பதினைந்தாண்டு உழைப்பில் வந்த அகலம் ஒரே நாளில் போயிற்று. முழுச்சட்ட உணரி கொண்ட கேனன் 5டி 2005இலும் நிக்கான் டி3 2007இலும் வந்த பிறகுதான் 24 மீண்டும் 24 ஆனது. பழைய மதிப்புரைகளைப் படிக்கிறவர்கள், எழுதியவர் எந்தக் காமிராவில் மாட்டிப் பார்த்தார் என்று முதலில் பார்ப்பது நல்லது. சிறிய உணரி படத்தின் ஓரங்களை வெட்டிவிடுகிறது. குறைகள் குடியிருப்பது ஓரங்களில்தான்.

இனி வளவுக்கு வருவோம். காமிராவை முக்காலியில் ஏற்றி, மட்டம் பார்த்து, எதிர் வரிசைத் தூண்களுக்கு நேர் இணையாக நிறுத்த வேண்டும். 24 மி.மீ. வைத்து, கடைசித் தூண்கள் சட்டத்தின் இரு விளிம்புகளை ஒட்டி வருமாறு எடுக்க வேண்டும். பர்மாத் தேக்கைக் கடைந்து நிறுத்திய தச்சர் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தியவர். தூண் படத்தில் வயிறு தள்ளினால் பிழை தச்சருடையது அன்று. இந்த வகை ஜூம்கள் ஏறக்குறைய எல்லாமே 24இல் பீப்பாய் போல் வெளியே வளைக்கும், நடுவில் எங்கோ நேராகும், 70ஐ நெருங்கும்போது சற்றே உள்ளே இழுக்கும். எவ்வளவு என்பதே கேள்வி. காமிராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாய்வதும், விளிம்பில் அகப்பட்ட பித்தளைக் குடம் முட்டை வடிவம் கொள்வதும் வேறு சங்கதி. அவை வடிவியலின் விளைவுகள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அகலக் கோண லென்ஸிலும் அவை உண்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் லென்ஸைத் திட்டும் மதிப்புரைகள் நிறைய.

அடுத்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. சுவர் நெடுகிலும் பூவேலைக் கற்கள் ஓடும் இடத்தை நேர் எதிரே நின்று எடுத்து, இடக்கோடியையும் வலக்கோடியையும் ஒப்பிட வேண்டும். 2002ஆம் ஆண்டின் கேனன் லென்ஸில் 16 கண்ணாடிகள். 2007ஆம் ஆண்டின் நிக்கானில் 15. இத்தனையில் ஒன்று இம்மி சாய்ந்து உட்கார்ந்தாலும் ஒரு பக்கத்துக் கல் கூர்மையாகவும் மறுபக்கத்துக் கல் மங்கலாகவும் வரும். ஒரே பெயர் கொண்ட இரண்டு லென்ஸ்கள் ஒன்று போல் இராமைக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே மதிப்புரையில் புகழப்பட்ட லென்ஸ் அல்ல, நம் கையில் இருக்கும் லென்ஸ்தான் சோதிக்கப்பட வேண்டியது.

மூன்றாவது, முற்றத்து வெயில். நடுப்பகலில் இரண்டாம் கட்டின் இருட்டில் நின்று முற்றத்தைப் பார்த்தால் கண்ணே கூசும். லென்ஸுக்குள் ஒளி சிதறினால் தூணின் கருமை சாம்பல் பூத்துப்போகும். கேனன் 2002இல் ஒரு நல்ல காரியம் செய்தது. அந்த லென்ஸ் 24இல் நீண்டும் 70இல் ஒடுங்கியும் இருக்கும். வெயில் மறைப்போ நகராத வெளிக்கூட்டில் மாட்டப்படுகிறது. ஆகவே எந்தக் கோணத்துக்கும் மறைப்பு அளவாக அமைகிறது. பார்க்க வாளி கவிழ்த்தது போல் இருக்கும் என்பது உண்மை.

எஃப் 2.8 எதற்கு என்று கேட்கலாம். வீட்டை எடுப்பவருக்குப் பெரும்பாலும் எதற்கும் இல்லை என்றே சொல்லுவோம். தூண் ஓடிவிடாது, முக்காலியில் வைத்து எஃப் 8இல் ஒரு விநாடி திறந்தால் தீர்ந்தது. அவருக்கு எடை குறைந்த ஒரு 24 மி.மீ. நிலை லென்ஸே போதும். ஆனால் அதே வளவில் திருப்பூட்டு நடக்கும்போது கதை மாறுகிறது. சுற்றிலும் உறவுக் கூட்டம். பின்னால் நகர இடமில்லை, லென்ஸ் மாற்ற நேரமில்லை. மலிவான ஜூம் 5.6க்கு ஒடுங்கிவிடும் இடத்தில் 2.8 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையைக் கழுத்தில் சுமப்பதற்கு அந்த ஒரு மணி நேரமே நியாயம். இந்த ஊரில் கல்யாணம் எடுப்பவரும் வீட்டை எடுப்பவரும் பல சமயம் ஒரே ஆள் என்பதால்தான் இந்த லென்ஸின் கோணல்கள் வீட்டுப் படங்களுக்கும் வந்து சேர்கின்றன.

அது சிறு விஷயம் அன்று. பங்குகள் பெருகி, பராமரிப்பு கட்டுப்படியாகாமல் இந்த வீடுகள் பல பிரிக்கப்பட்டுவிட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிலைகளும் கதவுகளும் தூண்களும் விலைக்குக் கிடைக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் எந்த வீட்டையும் தாங்கிப் பிடிப்பதில்லை. பிரித்த வீட்டுக்கு எஞ்சும் சான்று சில சமயம் ஒரு கல்யாண ஆல்பத்தின் பின்னணி மட்டுமே. தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி என்ன, உத்தரம் எந்த உயரத்தில் ஓடியது என்பதை நாளை ஒருவர் அந்தப் படத்திலிருந்துதான் அளந்தறிய வேண்டியிருக்கும்.

வளைவை மென்பொருள் நிமிர்த்திவிடும் என்பார்கள். நிமிர்த்தும், விளிம்பில் கொஞ்சம் வெட்டியெறிந்து, மூலைகளை இழுத்து மென்மையாக்கி. எனவே எடுக்கும்போதே சற்றுத் தாராளமாக இடம் விட்டு எடுப்பதும், திருத்தாத மூலக் கோப்பைத் தனியே வைப்பதும் உத்தமம். கேனனின் 2012ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு 805 கிராமுக்கு இளைத்து, மூலைகளிலும் முந்தையதை வென்றது. வாங்க முடிந்தவர்கள் அதையே வாங்கலாம். மிரர்லெஸ் காமிராக்களின் பக்கம் சந்தை திரும்பிவிட்டதால் 2002ஆம் ஆண்டின் லென்ஸ் இன்று பழைய பொருளாகவே கைக்கு வரும். வாங்குமுன் ஜூம் வளையம் எங்கேனும் சிக்குகிறதா என்று மெல்லத் திருப்பிப் பார்க்கவும். டார்ச் வெளிச்சத்தைப் பின்புறமிருந்து செலுத்தி, கண்ணாடிகளுக்கிடையே சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கவும். அடைமழை மாதங்களில் மர அலமாரியில் மூடிக் கிடந்த லென்ஸ்களில் அது சாதாரணம்.