இருட்டில் ஒரு சுருதி

யுத்தப் புத்தகங்களில் பீரங்கி முழங்க ஆரம்பித்தால் நான் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். ஆனால் 1940-ம் வருஷம் இங்கிலாந்தின் வானத்தில், விமானிகளின் காதுக்குள்ளே நடந்த ஒரு சண்டையை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கீழே ஒரு விளக்குக்கூட எரியாத தேசத்தில், நடுராத்திரியில், ஜெர்மன் விமானி ஊரை எப்படிக் கண்டுபிடிப்பான்? கண் வேண்டாம், காது போதும் என்று வழி செய்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து இரண்டு ரேடியோக் கதிர்களை அருகருகே அனுப்புவார்கள். ஒன்றில் தந்தி அடிப்பதுபோலப் புள்ளிகள், மற்றதில் கோடுகள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நடுப்பாதையில், புள்ளிகளின் இடைவெளியைக் கோடுகள் அடைத்துவிடும். தம்பூராச் சுருதிபோல அறாத நாதம் கேட்கும். சுருதி பிசகாமல் பறந்தால் வழி பிசகாது. வேறோரிடத்திலிருந்து வரும் இன்னொரு கதிர் குறுக்கே வெட்டுமிடத்தில் குண்டைப் போட வேண்டியதுதான்.

இந்த மர்மத்தைத் துலக்கியவர் ஆர். வி. ஜோன்ஸ் என்ற 28 வயது விஞ்ஞானி. விழுந்த ஹைன்கெல் விமானத்தில் புதுக் கருவி ஒன்றும் அகப்படவில்லை. மூட்டத்தில் தரையிறங்க உதவும் சாதாரண ரேடியோப் பெட்டிதான் இருந்தது. தரையிறங்குவதற்கு எதற்கு இத்தனை கூர்மையான காது? பிடி அங்கேதான் கிடைத்தது. ஜூன் 21-ந் தேதி சர்ச்சிலின் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது, சிநேகிதர்கள் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தாராம்! பூமியின் வளைவைத் தாண்டி அந்தக் கதிர் எட்டாது என்று ஒரு நிபுணர் சாதித்தார். அன்றிரவே ஓர் ஆன்ஸன் விமானம் தேடிப் போய், 500 கஜம்கூட அகலமில்லாத கதிரைக் கண்டது. இரண்டு கதிர்களும் சந்தித்த இடம் டெர்பி. ஸ்பிட்பயருக்கு எஞ்சின் செய்த ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலை அங்கே இருந்தது.

ஆங்கிலேயர் அந்தக் கதிருக்குத் 'தலைவலி' என்றும், போலிக் கோடுகளை ஒலிபரப்பிச் சுருதியைக் கலைத்த கருவிக்கு 'ஆஸ்பிரின்' என்றும் பெயர் வைத்தார்கள்.

ஜெர்மானியர் சும்மா இருப்பார்களா? இன்னும் நுட்பமான வேறு கதிர்களைக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 14-ந் தேதி இரவு அவை காவென்ட்ரி நகரத்தின் மேல் சந்தித்தன. அவற்றைக் கலைக்கவும் கருவிகள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் விநாடிக்கு 2,000 அதிர்வு இருக்க வேண்டிய ஒலியை 1,500-ல் வைத்துவிட்டார்கள் என்று ஜோன்ஸ் பிற்பாடு எழுதினார். எதிரியின் பெட்டி அதை வடிகட்டித் தள்ளிவிட்டது. நிலாக் காய்ந்த இரவு, ஊர் எப்படியும் தெரிந்திருக்கும் என்று சொல்வாரும் உண்டு. என் மனசு அதில் சமாதானம் அடையவில்லை.

விமானியின் காதில் சுருதி தெளிவாகவே ஒலித்தது. அந்த இரவில் மாண்டவர்கள் 500 பேருக்கு மேல்.