பின்னோக்கிப் போன ஒரு தோட்டத்து ரயில்

பொம்மை ரயிலைப் பற்றி ஒரு நீண்ட பதிவு என்றதும், "சாருக்கு ரிட்டயர் ஆனபின் பொழுது போகவில்லை" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இந்தக் கதை என்னை விடவே மாட்டேன் என்கிறது.

லண்டனுக்கு வடமேற்கே பீக்கன்ஸ்ஃபீல்டு என்று ஒரு ஊர். அங்கே ரோலண்ட் காலிங்ஹாம் என்றொருவர் இருந்தார். லண்டனில் கணக்காளர் தொழில், நல்ல வசதி. வீட்டுக்குள் மாடல் ரயில் ஓடவிட்டுக்கொண்டிருந்தாராம். "ஒன்று ரயில் வெளியே போகவேண்டும், இல்லாவிட்டால் நான் போகிறேன்" என்று மனைவி சொன்னதால் ரயில் தோட்டத்துக்கு வந்தது என்று கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, நம் வீடுகளிலும் நடக்கக்கூடியதுதான். வீட்டை ஒட்டிய புல்வெளியை வாங்கி, தோட்டக்காரர்களையும் வீட்டு வேலையாட்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு குட்டி ஊரையே கட்டினார். பெயர் பெக்கன்ஸ்காட். 1929 ஆகஸ்டில் திறந்தது. உலகில் இன்றுவரை இயங்கும் மாதிரிக் கிராமங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். 1934-ல் பார்க்க வந்த சிறுமிகளில் ஒருத்தி, பின்னாளில் ராணியான எலிசபெத்.

ரயில் பாதை அமைக்க உதவியது நார்த்தாம்ப்டனின் புகழ்பெற்ற பாசெட்-லோக் கம்பெனி. பாதையின் அகலம் 45 மில்லிமீட்டர். ரயில் மட்டும் நிஜத்தில் 32-ல் ஒரு பங்கு, வீடுகளும் மனிதர்களும் 12-ல் ஒரு பங்கு. அதாவது அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ரயிலில் ஏறவே முடியாது! இதைப் பார்ப்பவர்கள் யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

தோட்டத்து ரயிலில் ஒரு சங்கடம் உண்டு. இன்ஜினை 32 மடங்கு சுருக்கலாம், வெயிலையும் மழையையும் சுருக்க முடியாது. பத்து சென்டிமீட்டர் இலை ஒன்று தண்டவாளத்தில் விழுந்தால், அந்த ரயிலுக்கு அது மூன்று மீட்டருக்கு மேல் நீளமான தடை. பனிக்காலத்தில் மண்ணுக்குள் நீர் உறைந்து தரை மேலெழும்பும், பாதை கோணிக்கொள்ளும். மரத்தில் சிலீப்பர் கட்டை போட்டால் உளுத்துப்போகும். பித்தளைத் தண்டவாளமாக இருந்தால் பத்து மீட்டர் நீளம், 30 டிகிரி சூடு ஏறும்போது ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாவிட்டால் பாம்பாக நெளிந்துவிடும். குட்டை மரமாக வைத்தது வளர்ந்து ஸ்டேஷனை மறைக்கும், வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே தோட்டத்து ரயிலை ஒருமுறை கட்டி முடித்துவிட்டேன் என்று யாரும் சொல்லமுடியாது. அது எப்போதும் மறுபடி கட்டப்பட்டுக்கொண்டே இருப்பது.

இங்கேதான் வரலாற்றுக் கேள்வி வருகிறது. மறுபடி கட்டும்போது எந்தக் காலத்தைக் கட்டுவது?

முதல் அறுபது ஆண்டுகள் பெக்கன்ஸ்காட்டில் இந்தக் கேள்வியே எழவில்லை. வெளியே என்ன மாறியதோ அது உள்ளேயும் மாறியது. புது மாடல் கார்கள் வந்தன, கான்கிரீட் கட்டடங்கள் வந்தன, ஜெட் விமானங்கள் வந்தன. ஆனால் அதே ஆண்டுகளில் வெளி உலகத்து ரயில்வே வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1963-ல் வெளியான பீச்சிங் அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரும்பாதைகளில் நீராவி இன்ஜின் முடிவுக்கு வந்தது. சின்னக் கிராமத்து ஸ்டேஷன், கை சிக்னல், புகை என்பதெல்லாம் நினைவுப் பொருளாகிவிட்டன. மக்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தது அந்த நினைவைத் தேடித்தான். உள்ளே வந்தால் அங்கேயும் கான்கிரீட்!

1992-ல் முடிவெடுத்தார்கள். கடிகாரத்தைத் திருப்பி, 1930-களுக்கே ஊரைக் கொண்டுபோவது என்று. நவீனக் கட்டடங்கள் போயின, பழைய மாதிரியில் புதிதாகச் செய்யப்பட்டவை வந்தன. இன்று நீங்கள் பார்ப்பது அந்த 1930-கள்.

பெரும்பாலோர் இதை "மூலத்துக்குத் திரும்பியது" என்று பாராட்டுகிறார்கள். நான் முழுக்க ஒப்பமாட்டேன். காலிங்ஹாம் 1929-ல் கட்டியது பழைய காலத்தை அல்ல, தன் கண்ணெதிரே இருந்த 1929-ஐ. அவருக்கு அது நிகழ்காலம். நிகழ்காலத்தைச் சுருக்கிக் காட்டுவதுதான் அவர் முறை என்றால், கான்கிரீட் வைத்தவர்களே அவர் வழியில் போனவர்கள். உருவத்தில் உண்மையாக இருக்கப்போய் முறையில் விலகிவிட்டார்கள். மேலும், அங்கே காட்டும் 1930-களில் வெயில் மட்டும்தான் அடிக்கிறது. நிஜ இங்கிலாந்தில் பொருளாதார மந்தம். 1932-33 குளிர்காலத்தில் வேலையில்லாதோர் கிட்டத்தட்ட முப்பது லட்சம் பேர். 1936-ல் ஜாரோ ஊர் ஆண்கள் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தே போனார்கள். அந்தக் குட்டி ஊரின் சாலைகளில் அவர்களுக்கு இடம் கிடையாது. அகற்றப்பட்ட அந்தக் கான்கிரீட் ஊரும் ஒரு ஆவணம்தான் என்பது என் கட்சி. 1970-களின் பிரிட்டன் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்று அதில் படித்திருக்கலாம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியே விட்டிருந்தால் கூட்டம் குறைந்து இடமே மூடப்பட்டிருக்கலாம். பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா? இலை பொறுக்கக்கூட ஆள் வேண்டும்.

நமக்கு இதில் என்ன? அதே 1992-ல்தான் இந்திய ரயில்வே யூனிகேஜ் திட்டத்தைத் தொடங்கி, மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்பாதையாக மாற்றத் தொடங்கியது. நாம் வளர்ந்த ரயில்கள் ஒவ்வொன்றாகப் போயின. இன்னொரு பொருத்தம் பாருங்கள். 1968-ல் ஜெர்மனியின் நியூரெம்பர்க்கில் லேமன் கம்பெனி கொண்டுவந்த எல்.ஜி.பி. தோட்ட ரயிலும் அதே 45 மில்லிமீட்டர் பாதையில் ஓடுவது. அதன் அளவு 22.5-க்கு ஒன்று. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு மீட்டர். நம் மீட்டர் கேஜ்!

ஆகவே என் பழைய மாணவர்களில் யாராவது வீட்டுத் தோட்டத்தில் எழும்பூர்-தாம்பரம் பாதையை இந்த அளவில் கட்டினால் எந்த ஆண்டை வைப்பீர்கள்? "பழைய காலம்தானே, புகைவிடும் ரயில் போதும்" என்று அவசரப்படாதீர்கள். 1931-லேயே அந்த மீட்டர் கேஜ் பாதையில் உள்ளூர் ரயில் மின்சாரத்தில் ஓடத் தொடங்கிவிட்டது, 2004 வரை ஓடியது. மேலே கம்பி கட்டவேண்டியிருக்கும். பதிலைக் கீழே எழுதுங்கள், படித்துவிட்டு வருகிறேன்.