சன்னி: ஒரு நோய்ப்பெயரின் வரலாறும் செப்சிஸ்சார் மூளைச் செயலிழப்பும்

முன்னுரை

காய்ச்சல் முற்றிய நோயாளி உற்றாரை அடையாளம் காணாது பிதற்றத் தொடங்கினால், ‘சன்னி கண்டுவிட்டது’ என்பது தமிழர் வழக்கு. இன்று சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதி மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அத்தகைய நிலை, தொற்றின் விளைவாயின், ‘செப்சிஸ்சார் மூளைச் செயலிழப்பு’ எனப்படும். இவ்விரு பெயர்களுக்கும் இடையிலான தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

‘சன்னிபாதம்’ என்னும் வடசொல் ‘ஒருங்கு கூடி வீழ்தல்’ எனப் பொருள்படும். வளி, அழல், ஐயம் ஆகிய மூன்றும் ஒருசேரக் கெட்ட நிலையைச் சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் இப்பெயரால் சுட்டின. அதாவது, சன்னி தனியோர் உறுப்பின் நோயன்று; உடல் முழுவதும் நிலைகுலைந்ததன் அடையாளம். கிரேக்க மருத்துவரும் காய்ச்சலோடு கூடிய மனக்குழப்பத்தைப் ‘பிரெனைட்டிஸ்’ எனக் குறித்தனர்.

பிரசவ சன்னி

மகப்பேற்றுக்குப் பின் தாய்க்கு நேரும் காய்ச்சலும் பிதற்றலும் ‘பிரசவ சன்னி’ எனப்பட்டன. வலிப்பையும் இப்பெயரே குறித்தது. இக்காய்ச்சலின் மூலத்தை நோக்கிய திருப்பம் வியன்னாவில் நிகழ்ந்தது. 1847இல் செம்மல்வைஸ், மருத்துவர்கள் குளோரின் சேர்ந்த நீரில் கைகழுவ வேண்டுமென விதித்தார். அவரது பிரிவில் 1846இல் ஏறத்தாழ 11.4 விழுக்காடாக இருந்த தாய் இறப்பு, 1848இல் 1.27 விழுக்காடாகக் குறைந்தது. 1879இல் லூயி பாஸ்டர் இந்நோய்க்குரிய நுண்ணுயிரியைச் சுட்டிக்காட்டினார்.

இன்றைய விளக்கம்

2016ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறை, தொற்றுக்கு உடல் ஆற்றும் நெறிபிறழ்ந்த எதிர்வினையால் உறுப்புகள் செயலிழப்பதையே செப்சிஸ் என்கிறது. படுக்கையருகே விரைந்து காண அது மூன்று குறிகளைத் தந்தது: நிமிடத்திற்கு 22 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, 100 அல்லது அதற்குக் குறைந்த மேல் இரத்த அழுத்தம், மனநிலை மாற்றம். கிருமி மூளைக்குள் புகாமலேயே இம்மாற்றம் நேரலாம். அழற்சிப் பொருள்கள் குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடையைத் தளர்த்துகின்றன. நுண்குழாய்க் குருதியோட்டமும் நரம்புச் செய்திகளும் சீர்குலைகின்றன. எனவே முதன்மை மருத்துவம், தொற்றின் மூலத்தைக் கண்டு உரிய நுண்ணுயிர்க்கொல்லியை விரைந்து அளிப்பதாகும்.

முடிவுரை

முன்னோர் குறியைச் சரியாகக் கண்டனர். மூலத்தை அறியும் கருவி அவர்களிடம் இல்லை. பொதுவழக்கில் ‘சன்னி’ பிதற்றலையே நினைவூட்டுவதால், ஓசையின்றி மயங்கிக் கிடக்கும் நோயாளியின் நிலை உறக்கமெனத் தவறாகக் கொள்ளப்படுகிறது. முதியோரிடம் இவ்வமைதி வடிவம் மிகுதி. காய்ச்சலின்றியும் அது தோன்றலாம். அந்த அமைதியையும் சன்னியெனக் கொள்ளும் அளவுக்கு இச்சொல்லின் பொருள் விரியுமாயின், பழைய சொல் இன்றும் உயிர்காக்கும்.