திறந்த விமான எஞ்சினில் துருத் தடுப்பு

ஆய்வுக்காகவோ பழுதுபார்ப்புக்காகவோ பிரித்த விமான எஞ்சினின் எஃகு உறுப்புகளை, மீண்டும் பூட்டும்வரை துருப்பிடிக்காமல் காக்கும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களுக்கு இது மிகவும் தேவை. வேலை நடக்கும் நேரத்தைவிட வேலை நின்றுகிடக்கும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். கழற்றிய சிலிண்டர் பட்டறைக்குப் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம். கிடைக்காத ஓர் உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கிலும் காத்திருக்க நேரும். அதுவரை கிராங்க்கேஸ் திறந்தே கிடந்தால், காற்றின் ஈரம் உள்ளே தாராளமாகப் போய்வரும்.

ஓடும் எஞ்சினில் உறுப்புகளைக் காப்பது எண்ணெய்ப் படலம். எஞ்சின் நின்றதும் அது வழிந்து இறங்கத் தொடங்குகிறது. அமெரிக்காவின் லைகோமிங் ஓ-320, ஓ-360 எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. அதனால் எண்ணெய் வடிந்து முதலில் வெறுமையாகும் இடங்களில் அதுவும் ஒன்று. கேமின் முகத்தில் நுண்ணிய துருக்குழிகள் விழுந்தால், அதன்மேல் உராயும் டாப்பெட்டின் பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்து, எண்ணெய் வடிகட்டியில் உலோகத் துகள்களாகச் சேரும்.

பழைய எண்ணெயை நம்பியிருப்பதும் தவறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியேறினாலும், சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது. எரிதலில் பிறக்கும் அமிலப் பொருள்களும் அதனுடன் சேர்கின்றன. ஆகவே எஞ்சினைப் பிரிக்கும் முன் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுவது நல்லது.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடுவதை, பிரிட்டனில் வெர்னன் என்ற அறிவியலாளர் மாசுபட்ட காற்றில் நடத்திய ஆய்வுகள் காட்டின. ஹேங்கரில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரவில் குளிர்ந்த எஃகின்மேல் காலையின் வெப்பமான ஈரக்காற்று படும்போது, மழையே இல்லாவிட்டாலும் எஞ்சின் நனைந்துவிடும்.

துருவின் விளைவு தேய்மானத்தோடு நின்றுவிடுவதில்லை. கிராங்க்ஷாஃப்டின் முன்பக்க உட்துளையில் விழும் துருக்குழியிலிருந்து விரிசல் வளர்ந்தால் ப்ரொப்பெல்லரே முறிந்து பிரிந்துவிடலாம். நிலையான சாய்கோண ப்ரொப்பெல்லர் பொருத்திய லைகோமிங் 320, 360 வரிசை எஞ்சின்களில் அந்தத் துளையைச் சோதிக்கும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1998இல் ஆணையிட்டது.

பட்டறையில் துரு பெரும்பாலும் தொடங்குவது கழுவும் தொட்டியில்தான். கரைப்பான் அழுக்கோடு எண்ணெய்ப் படலத்தையும் எடுத்துவிடுகிறது. நீர் கலந்த கழுவு திரவமானால், காயும்போதே செந்நிறப் படலம் படரத் தொடங்கிவிடும். கழுவிய உறுப்பை உடனே உலர்த்தி, அப்போதே துருத்தடுப்பு எண்ணெய் பூச வேண்டும். மதிய உணவு முடித்துவந்து பூசலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. வெறுங்கையால் தொட்ட இடத்தில் வியர்வையின் உப்பு, கைரேகை வடிவிலேயே துருவை உண்டாக்கும். பேரிங்குகளைக் கையாளக் கையுறை கட்டாயம்.

கழற்ற முடியாத பகுதிகளில், சிலிண்டர் எடுத்த துளை வழியாகக் கேம், டாப்பெட், கியர்கள், கனெக்டிங் ராடு ஆகியவற்றின்மேல் எண்ணெயைத் தெளிக்கிறார்கள். பிறகு துளையைத் தகடு அல்லது பிளாஸ்டிக் உறையால் இறுக மூட வேண்டும். கந்தைத் துணியை அடைத்துவைப்பது பரவலான பழக்கம், ஆனால் மோசமான பழக்கம்: துணி ஈரத்தைப் பிடித்துவைக்கும், எடுக்க மறந்தால் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும். எண்ணெய் தெளித்தபின் ப்ரொப்பெல்லரைச் சுற்றக் கூடாது; மற்ற சிலிண்டர்களின் சுவரில் படிந்த படலத்தைப் பிஸ்டன் வளையங்கள் வழித்தெடுத்துவிடும். சிலிண்டரைப் பிடிக்கும் நெடும் போல்ட்டுகள் தளர்ந்த நிலையில் சுற்றினால், முதன்மை பேரிங்குகள் இடம் பெயரும் ஆபத்தும் இருக்கிறது.

நீண்டகாலக் காத்திருப்புக்குச் சிலிகா ஜெல் அடைத்த செருகிகளை ஸ்பார்க் பிளக் துளைகளில் பொருத்துகிறார்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் உறிஞ்சி முடித்துவிட்டன என்று பொருள், மாற்ற வேண்டும். தனியே எடுத்த உறுப்புகளை, துருத்தடுப்பு ஆவி வெளியிடும் காகிதத்தில் சுற்றி வைக்கலாம். மரப்பெட்டியில் நேரடியாக வைப்பது நல்லதல்ல. சில மரங்கள் அமில ஆவியை வெளியிடும்.

டர்பைன் எஞ்சின்களிலும் முக்கிய பேரிங்குகளுக்குப் பயன்படும் எம்-50 எஃகு எளிதில் துருப்பிடிப்பது. அங்கும் கையுறை, எண்ணெய், மூடிகள் என்ற அதே ஒழுங்கு பொருந்தும்.

எஞ்சினை மீண்டும் பூட்டியபின், சிலிகா ஜெல் செருகிகளையும் மூடிகளையும் எண்ணிச் சரிபார்த்து எடுக்க வேண்டும். கீழ்ப்புற ஸ்பார்க் பிளக்குகள் இல்லாத நிலையில் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றி, சிலிண்டர்களில் தேங்கிய எண்ணெயை வெளியேற்றிய பிறகே எஞ்சினை இயக்கலாம். திரவம் அமுங்காது, அது உள்ளே நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.