மணி யாரை எழுப்பியது? வளர்ந்தோரின் படுக்கை நனைத்தலும் கொழும்புத் தமிழ்க் குடியிருப்பும்

உறக்கத்தில் தன்னையறியாமல் சிறுநீர் பிரிவதை மருத்துவ நூலார் 'எனுரிசிஸ்' என்பர். ஈழத்தவர் வீட்டுப் பேச்சில் அது 'பாயிலை சலம் போறது'. இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் லூசில் கிளிக்லிக் 1951-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையையே அடிப்படையாகக் கொள்கின்றனர். கி.மு. 1550 அளவிலான எகிப்திய ஏபர்ஸ் பாப்பிரசு தொடங்கித் தம் காலம் வரையிலான மருந்துகளையும் சடங்குகளையும் அவர் திரட்டிய உழைப்பு பெரிது. ஆயினும் அத்திரட்டு வேரூன்றச் செய்த வாசிப்பு, அதாவது இது குழந்தைகளின் நோய், வளர்ந்தோரிடம் காணப்படுவது அதன் எச்சமே என்னும் வாசிப்பு, ஏற்கத்தக்கதன்று. பெற்றோருடனும் உடன்பிறந்தோருடனும் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வாழும் முப்பது வயதினர் ஒருவர் மருத்துவரிடம் வாய் திறக்கத் தயங்குவதற்கு இவ்வாசிப்பும் ஒரு காரணம் என்பதால், அதை மறுப்பது வெறும் ஏட்டு வழக்காக நின்றுவிடுவதில்லை.

மறுப்புக்கான முதற்சான்று, அவ்வாசிப்பு தன் தூணாகக் கொள்ளும் நூலிலேயே உள்ளது. தாமஸ் ஃபேயர் எழுதிய 'குழந்தைகள் நூல்' ஆங்கிலத்தில் தோன்றிய முதல் குழந்தை மருத்துவ நூலாகப் போற்றப்படுவது. அதன் முதற்பதிப்பு 1544-ஆம் ஆண்டினது என்றும் 1545-ஆம் ஆண்டினது என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகிறது, இரண்டில் எது சரி என இங்கு முடிவுகட்ட வேண்டியதில்லை. படுக்கை நனைத்தல் பற்றிய அதன் சிறு பகுதி, சேவலின் மூச்சுக்குழலைப் பொடித்துக் கொடுக்கும் வினோத மருந்துக்காகவே பெரிதும் எடுத்துக் காட்டப்படுகிறது. ஆனால் மருந்துக்கு முன்னரே, பகுதியின் தொடக்க வாக்கியத்திலேயே, சிறுநீரகத்துக்கோ சிறுநீர்ப்பைக்கோ உரிய தேக்கி வைக்கும் ஆற்றல் குன்றுவதால் முதியோரும் குழந்தைகளைப் போலவே இதனால் வருந்துகின்றனர் என்றும், உறக்கத்திலும் விழிப்பிலும் அவர்தம் விருப்பை மீறி நீர் பிரிகிறது என்றும் ஃபேயர் கூறுகிறார். குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்ட நூலில் முதியோரைக் கொண்டுவர வேண்டிய தேவை எதுவும் அவருக்கு இல்லை. இருந்தும் குழந்தைக்கு முன்பாகவே அவர்களைக் குறிப்பிடுகிறார். அவர் சுட்டுவது முதியோரை, இருபது முப்பது வயதினரை அன்று என்பது உண்மையே, இச்சான்று மெலிந்ததே. எனினும் விருப்பை மீறி நிகழ்வது என்று அவர் வகுத்திருப்பது எந்த வயதுக்கும் பொருந்தும் விளக்கமாதலால், பதினாறாம் நூற்றாண்டில் இந்நோய் குழந்தைக்கு மட்டும் உரியதாக எண்ணப்படவில்லை என்ற அளவிலேனும் அதை வலியுறுத்தலாம்.

அப்படியாயின் வளர்ந்தோர் எங்கே தவறவிடப்பட்டனர்? 1904-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய மைன்ஹார்ட் ஃபோன் ஃபவுண்ட்லர், படுக்கை நனைந்தவுடன் மின்சுற்று இணைந்து மணி ஒலிக்கும் கருவி ஒன்றை விளக்கிக் காட்டினார். நிகழ்ந்து முடிந்த படுக்கை நனைத்தலைத் தானாக அறிவிக்கும் கருவி என்பதே அவர் உரைத் தலைப்பின் பொருள். மணி எழுப்ப வேண்டியது உறங்குபவரை அன்று, குழந்தைகள் விடுதியில் துணி மாற்ற வேண்டிய தாதியரை. குழந்தைகள் நனைப்பது குறைந்ததென்பது பின்னர் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 1938-இல் உளவியலாளரான மவுரர் தம்பதியர் 30 குழந்தைகளிடம் இம்முறையைக் கையாண்டு, சிறுநீர்ப்பை நிறையும் உணர்வும் மணியொலியும் இணைந்து உறங்குபவரை விழிக்கப் பழக்குகின்றன என்று விளக்கியபோதும், அருகில் பொறுப்பான பெரியவர் ஒருவர் உண்டு என்ற எண்ணம் மாறவில்லை. வளர்ந்தவருக்குத் தாதி இல்லை. மணி ஒலித்தால் விழிப்பது அவர் ஒளிக்க விரும்பும் அதே குடும்பம். சிகிச்சை குழந்தைகள் விடுதிக்குள் போனபோதே வளர்ந்தவர் பார்வையிலிருந்து மறைந்தார் என்றும், கிளிக்லிக்கின் தொகுப்பு அம்மறைவை வரலாறு முழுவதற்கும் பின்னோக்கி விரித்தது என்றும் கொள்வதே பொருந்தும்.

எச்சம் என்று ஒதுக்க இயலாத அளவுக்கு இந்நோய் வளர்ந்தோரிடம் உண்டு. நெதர்லாந்தில் 18 முதல் 64 வயது வரையிலானோரிடம் 0.5 விழுக்காடு என 1997-இலும், ஹொங்கொங்கில் 16 முதல் 40 வயது வரையிலான 8,534 பேரிடம் 2.3 விழுக்காடு என 2004-இலும் ஆய்வுகள் கூறின. ஹொங்கொங்கில் இவ்வாறு கண்டறியப்பட்டோரில் பாதிக்குமேற்பட்டோர் வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் நனைத்தனர். இரண்டு எண்களும் ஏன் இத்துணை வேறுபடுகின்றன என்பது தெளிவாகவில்லை. ஹொங்கொங்கில் முகம் தெரியாத கணினித் தொலைபேசி வழியே கேட்கப்பட்டதால் உண்மை கூடுதலாக வெளிவந்திருக்கலாம். நெதர்லாந்து ஆண்களில் பாதிப்பேர் எந்த மருத்துவரையும் நாடியதே இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கொழும்புக்கு வருமிடத்துச் சான்று மேலும் மெலிகிறது, வாதமோ இங்குதான் உரமாக முன்வைக்கப்பட வேண்டும். 1995 யாழ்ப்பாண இடம்பெயர்வின் பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளும் அறைகளும் தொடர்மாடி வீடுகளும் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களால் நிறைந்தன. 2007 ஜூன் 7-இல் அதே லொட்ஜுகளிலிருந்து தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டதும், மறுநாள் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடையுத்தரவு விதித்ததும் அறிந்தவை. யாழ்ப்பாணத்து வளவில் பாயைச் சுருட்டிக்கொண்டு விடியுமுன் கிணற்றடிக்குப் போய்விடலாம். வெள்ளவத்தை வீட்டில் ஒரே ஹோலில் நால்வர் படுத்திருக்க, நனைந்தது ஸ்பொஞ்ச் மெத்தையாக, குளியலறை ஒன்றாக, துணி காயும் இடம் அயலவர் பார்க்கும் பல்கனியாக இருக்கும். நோய் அதுவே, ஒளிக்கும் வழிதான் அடைபட்டது. இது வீட்டமைப்பிலிருந்து செய்யப்படும் ஊகமே என்றாலும், வெட்கத்தைத் தனியொருவர் மனத்தின் குறையாக மட்டும் பார்க்கும் விளக்கத்தைவிட இது உண்மைக்கு நெருங்கியதாகத் தோன்றுகிறது.

இவ்வாறு பார்க்கையில் சமாளிப்பின் முறைகளும் வேறு வரிசை பெறுகின்றன. உடலில் அணிந்து, ஒலியின்றி அதிரும் கருவிகள் பின்னாளில் வந்தன. மணியை அறையிலிருந்து உறங்குபவரின் தோலுக்கு மாற்றிய இந்நகர்வு எந்த ஆண்டில் தொடங்கியதென்று திட்டமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் பலர் உறங்கும் அறையில் வளர்ந்தவர் பயன்படுத்தத்தக்க முதல் வடிவம் இதுவே. விரிப்பின் கீழ் இடும் நீர்புகா உறை, மெத்தையையும் அதன் வழி இரகசியத்தையும் காக்கிறது. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் மாத்திரை பலருக்குப் பயன் தருவது; எனினும் அதை உட்கொண்ட பின் நீர் மிகுதியாகப் பருகினால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவு தாழக்கூடும், முதியோருக்கு அந்த ஆபத்து கூடுதல், ஆகவே மருத்துவர் மேற்பார்வையின்றி அதைத் தொடங்கலாகாது. குறைந்தது ஆறு மாதம் உலர்ந்திருந்தவருக்கு மீண்டும் தொடங்கினால் அதை 'இரண்டாம்நிலை' என்பர். அதன் பின்னே சலரோகம், சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட் வீக்கம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், நரம்புக் கோளாறு, உறக்க மாத்திரை ஆகியவற்றுள் ஏதேனும் இருக்கலாம். குழந்தைப் பழக்கம் மீண்டதாக எண்ணி, இரவுச் சோற்றோடு தண்ணீரையும் குறைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் வீட்டாருக்குத் தெரியாமல் விரிப்புத் துவைத்துக்கொண்டிருப்பவரிடம் முதலில் பார்க்கப்பட வேண்டியது இரத்தத்தில் உள்ள சீனியின் அளவு.