பிரின்ஸ்வில்: வெள்ளம் வடிந்த பின் ஒரு சிற்றூரின் வரலாறு

பிரின்ஸ்வில் என்பது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், எட்ஜ்கோம்ப் கவுண்டியில், டார் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். ஆற்றின் மறுகரையில் டார்பரோ என்னும் பழைய நகரம் இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தாமே உருவாக்கி, சட்டப்படி பதிவு செய்துகொண்ட ஊர்களில் மிகப் பழையது இதுவே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 1999 செப்டம்பரில் ஃபுளாய்ட் சூறாவளி கொண்டுவந்த வெள்ளத்தில் இவ்வூர் ஏறத்தாழ முழுவதும் மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும், ஊரைக் கைவிட்டுப் போவதா, அதே இடத்தில் மீண்டும் கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள, ஊர் எப்படித் தோன்றியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊரின் தோற்றம்

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது, டார்பரோவைச் சுற்றியிருந்த பண்ணைகளில் அடிமைகளாக உழைத்தவர்கள் விடுதலை பெற்றனர். ஆற்றுக்கு இப்பால் முகாமிட்டிருந்த வட பகுதிப் படையினரின் பாதுகாப்பை நாடி அவர்கள் வந்து சேர்ந்தனர். படையினர் விடுதலைச் செய்தியை அறிவித்ததாகச் சொல்லப்படும் மேட்டின் பெயரால் அக்குடியிருப்பு 'ஃபிரீடம் ஹில்', அதாவது 'விடுதலைக் குன்று' எனப்பட்டது.

பெயரில் குன்று இருந்தாலும் ஊர் அமைந்தது தாழ்வான நிலத்தில்தான். மழைக்காலத்தில் ஆறு ஏறி வந்து நிற்கும் சதுப்புப் பகுதி அது. வெள்ளைக்காரப் பண்ணையாளர்கள் பயனற்றதெனக் கருதிய நிலம் என்பதால், வந்தவர்களை அங்கே தங்க விட்டனர். கையில் பணமில்லாத மக்களுக்கு வேறு நிலம் கிடைக்கவும் வழியில்லை. அவர்கள் மெல்ல மெல்ல மனைகளை விலைக்கு வாங்கி வீடுகள் கட்டினர். 1885இல் ஊர் சட்டப்படி பதிவு பெற்றது. அங்கு வாழ்ந்த டர்னர் பிரின்ஸ் என்ற தச்சரின் பெயர் ஊருக்கு இடப்பட்டது. அடிமையாகப் பிறந்த ஒருவரின் பெயரை ஊர்ப் பெயராகத் தேர்ந்துகொண்டதிலிருந்தே, அம்மக்கள் தங்கள் ஊரை எவ்வாறு கருதினர் என்பதை உணரலாம்.

ஆறும் கரையும்

டார் ஆறு இவ்வூருக்குள் பலமுறை புகுந்திருக்கிறது. 1919, 1924, 1940, 1958 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் ஊர் வரலாற்றில் குறிப்பிடப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் மக்கள் வெளியேறி, நீர் வடிந்ததும் திரும்பி வந்தனர். 1960களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை ஆற்றையொட்டி ஏறத்தாழ 3 மைல் நீளத்துக்கு மண்கரை அமைத்தது. அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊருக்குள் பெருவெள்ளம் வரவில்லை. கரை இருக்கிறது என்ற நம்பிக்கையில் புதிய வீடுகள் எழுந்தன. வெள்ளத்தைப் பார்த்திராத ஒரு தலைமுறையும் வளர்ந்தது.

1999: ஃபுளாய்ட்

வங்கக் கடலில் உருவாவதை நாம் புயல் என்கிறோம். அட்லாண்டிக் கடலில் அதே வகைப் புயல் வலுப்பெற்றால் ஹரிகேன் எனப்படும். 1999 செப்டம்பர் தொடக்கத்தில் டென்னிஸ் என்ற புயல் வட கரோலினாவில் கரை கடந்து கனமழை பெய்வித்தது. நிலம் நீரை உறிஞ்சி நிறைந்திருந்த அந்த நிலையில், செப்டம்பர் 16 அதிகாலையில் ஃபுளாய்ட் கரை கடந்தது. மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் சில இடங்களில் 15 முதல் 20 அங்குலம் வரை மழை கொட்டியது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புயல் ஒரு நாளில் கடந்து போய்விட்டது, வானமும் தெளிந்தது. ஆனால் மேற்பகுதியில் பெய்த மழைநீர் ஓடைகளில் சேர்ந்து ஆற்றுக்கு வந்து, ஆறு உச்சத்தைத் தொட மேலும் சில நாட்கள் ஆயின. டார்பரோவில் நீர்மட்டம் 19 அடியைத் தொட்டாலே வெள்ள நிலை. அம்முறை அது 41 அடியைத் தாண்டியது. மக்கள் மணல் மூட்டைகளை அடுக்கியும் பயனில்லாமல் நீர் ஊருக்குள் பாய்ந்தது. சில இடங்களில் 20 அடிக்கும் மேல் ஆழமிருந்ததாகச் செய்திகள் கூறின. ஒரு வாரத்துக்கும் மேலாக நீர் வடியவில்லை.

வட கரோலினாவில் மட்டும் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் காற்றினால் அல்ல, வெள்ளத்தில் சிக்கி இறந்தவர்கள். பண்ணைகளில் ஆயிரக்கணக்கான பன்றிகள் செத்து மிதந்தன. பண்ணைக் கழிவுக் குளங்கள் உடைந்து, சாக்கடையும் எண்ணெயும் வெள்ளத்தில் கலந்தன. பிரின்ஸ்வில்லில் கல்லறைகளிலிருந்து சவப்பெட்டிகள் பெயர்ந்து மிதந்தன. ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்த ஊரில் குடியிருக்கத் தகுந்த வீடு என்று சொல்லத் தக்கது மிகச் சிலவே எஞ்சின. மக்கள் முதலில் நிவாரண முகாம்களிலும், பின்னர் அரசு அளித்த தற்காலிக வண்டி வீடுகளிலும் மாதக்கணக்கில் தங்கினர்.

போவதா, இருப்பதா?

அமெரிக்க நடுவண் அரசின் அவசரநிலை மேலாண்மை முகமையான ஃபீமா, வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ளும் திட்டத்தை முன்வைத்தது. இத்தகைய திட்டத்தில் வாங்கப்படும் நிலத்தில் பிறகு யாரும் வீடு கட்ட முடியாது. அது என்றும் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும். எல்லோரும் விற்றுவிட்டால் ஊர் என்ற ஒன்றே இராது. கரையைச் செப்பனிட்டு அங்கேயே வாழ்வது இன்னொரு வழி.

இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. விற்றுவிடலாம் என்றவர்கள், பிள்ளைகளை மீண்டும் அதே ஆபத்தில் வைக்க வேண்டுமா என்று கேட்டனர். மேட்டு நிலத்தில் புதிய வீடு அமைத்துக்கொள்ள அது அரிய வாய்ப்பு. இருக்க வேண்டும் என்றவர்கள், அடிமைத்தளையிலிருந்து வந்த முன்னோர் தேடிய சொத்தை விட்டுப்போக மனமில்லாதவர்கள். பழைய வீட்டுக்குக் கிடைக்கும் விலையில் வேறிடத்தில் வீடு வாங்க முடியுமா என்ற கவலையும் முதியோருக்கு இருந்தது. மேலும், பிரிந்து போனால் தங்களுக்கென்று ஒரு நகர மன்றமும் வாக்கு வலிமையும் இல்லாமல் போய்விடும்.

மேயர் டெலியா பெர்கின்ஸ் தலைமையிலான நகர மன்றம் 1999 நவம்பரில் வாக்கெடுத்தது. 3க்கு 2 என்ற கணக்கில், ஊரை விற்காமல் கரையைச் செப்பனிடுவது என்று முடிவாயிற்று. ஒரே ஒரு வாக்கு வேறுபாடு, ஊர் எந்த அளவுக்கு இரண்டுபட்டிருந்தது என்பதைக் காட்டுகிறது. 2000 பிப்ரவரி 29 அன்று குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன், பிரின்ஸ்வில்லின் எதிர்காலத்தை ஆராய ஒரு குழுவை அரசாணை மூலம் அமைத்தார். நாட்டின் தலைவர் ஒரு சிற்றூருக்காகத் தனி ஆணை பிறப்பிப்பது அரிது.

செப்பனிட்ட கரையும் இரண்டாம் வெள்ளமும்

கரை செப்பனிடப்பட்டது. ஆயினும் அது பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டதேயன்றி, ஃபுளாய்ட் போன்ற வெள்ளத்தைத் தாங்கும்படி உயர்த்தப்படவில்லை. ஊரை மேலும் காக்கும் வழிகளைப் பற்றிய பொறியாளர் படையின் ஆய்வறிக்கை 2016 பிப்ரவரியில்தான் நிறைவுற்றது. அதே ஆண்டு அக்டோபரில் மேத்யூ சூறாவளி வந்தது. அப்போது டார்பரோவில் ஆறு ஏறத்தாழ 36 அடியைத் தொட்டது. இம்முறை நீர் கரைக்கு மேலாக வரவில்லை. கரை முடியும் இடத்தைச் சுற்றியும், கதவில்லாத வடிகால் குழாய்கள் வழியாகவும் உள்ளே வந்தது. ஊரின் பெரும்பகுதி மறுபடி மூழ்கியது.

கரையை மேம்படுத்த ஏறத்தாழ 4 கோடி டாலர் ஒதுக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது 2020இல். முதல் வெள்ளம் வந்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. இதற்கிடையே சிலர் வீடுகளைத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டினர். சிலர் விற்றுவிட்டுப் போயினர். வெள்ளம் எட்டாத இடத்தில் 53 ஏக்கர் நிலத்தை மாநில அரசு ஊருக்காக வாங்கியது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2,082 பேர் இருந்த ஊரில், 2020இல் 1,254 பேரே இருந்தனர்.

வரலாறு சொல்வது

ஆபத்தான இடத்தில் ஏன் வாழ்கிறார்கள் என்று கேட்பது எளிது. பிரின்ஸ்வில் மக்கள் அந்த இடத்தைப் பல நிலங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1865இல் அவர்களுக்குக் கிடைத்த நிலம் அதுவே. 1999இல் அவர்கள் எடுத்த முடிவு சரியா தவறா என்பதைப் பற்றி இன்றும் இரு கருத்துகள் உள்ளன. ஆனால் இருப்பது என்று முடிவான பின், அதற்கேற்ற பாதுகாப்பு உரிய காலத்தில் வந்து சேரவில்லை என்பதில் ஐயமில்லை. வாக்கெடுப்பு ஒரே நாளில் முடிந்தது. கரையை மேம்படுத்தும் பணிக்கோ இருபது ஆண்டுகள் கழித்தே நிதி அறிவிக்கப்பட்டது. ஊர் குறுகியது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். வெள்ளத்தின் வரலாற்றை எழுதுவோர் நீர்மட்டத்தையும் இறந்தோர் எண்ணிக்கையையும் குறிப்பதோடு, நீர் வடிந்த பின் கழிந்த ஆண்டுகளையும் கணக்கில் எழுத வேண்டும்.