பாக்குத் தீவும் நம் முன்னோரும்

நம் இல்லங்களில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய திருமணப் படங்களை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளையையும் பெரியவர்களையும் பார்த்து முடித்த பிறகு, அவர்களுக்கு முன்னால் விரித்திருக்கும் பாயையும் சற்றுக் கவனியுங்கள். அங்கே ஒரு தட்டு இருக்கும். அதில் வெற்றிலையும் பாக்கும் அடுக்கியிருக்கும். படத்திலுள்ளோரின் பெயர்களை மறந்துவிட்ட குடும்பங்களிலும் அந்தத் தட்டு ஏன் அங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், நம் முன்னோர் இக்கரைக்கு வந்த வரலாற்றை அந்தத் தட்டிலிருந்தே தொடங்கலாம் என்று எண்ணுகிறோம்.

தீவின் பெயரே பாக்கு

மலாய் மொழியில் ‘பினாங்’ என்றால் பாக்கு. ‘பூலாவ் பினாங்’ என்றால் பாக்குத் தீவு. நாம் நாள்தோறும் சொல்லும் ‘பினாங்கு’ என்ற பெயருக்குள் ஒரு மரம் நிற்கிறது. மாநிலக் கொடியின் நடுவிலும் அதே மரம்தான் நிற்கிறது.

பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் இத்தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றி, ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்று புதுப்பெயர் சூட்டினார். அந்தப் பெயர் ஏடுகளோடு நின்றுவிட்டது. மக்கள் நாவில் நிலைத்தது பாக்கின் பெயர்தான். அது லைட்டுக்கு முன்பே வழங்கிய பெயர். 15ஆம் நூற்றாண்டில் இக்கடல்களில் வலம் வந்த முஸ்லிம் தளபதி செங் ஹோவின் கடற்பயண வரைபடத்திலேயே இத்தீவு சீன மொழியில் ‘பாக்குத் தீவு’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பாக்குக்குச் சீனர் வழங்கும் ‘பின்லாங்’ என்ற சொல்லும் மலாய் மொழியிலிருந்து போனதே.

நம் பக்கத்துச் சொற்களும் வெகுதூரம் சென்றன. பாக்குக்குப் பழந்தமிழில் ‘அடைக்காய்’ என்று பெயர். சிலப்பதிகாரத்தில், மதுரையில் கோவலனுக்கு உணவு பரிமாறிய கண்ணகி, உண்டபின் வெற்றிலையும் அடைக்காயும் கொடுக்கிறாள். இதற்கு உறவான மலையாளச் சொல்லைப் போர்த்துக்கீசியர் எடுத்துச் சென்றனர். அதுவே ஐரோப்பிய மொழிகளில் ‘அரிக்கா’ ஆயிற்று. ‘வெற்றிலை’ என்ற சொல்லும் அவர்கள் வழியாகவே ‘பீட்டல்’ ஆயிற்று. தாவரவியலார் கமுக மரத்தை இன்றும் ‘அரிக்கா கட்டெச்சு’ என்றே அழைக்கின்றனர். மரத்தின் பூர்வீகம் தென்கிழக்காசியத் தீவுப் பகுதியாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மரம் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போயிற்று என்றால், அதற்கு உலகம் வழங்கும் பெயர் அக்கரையிலிருந்து வந்தது எனலாம்.

பயணிகள் கண்ட தாம்பூலம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்பாண்டிக் கடற்கரையின் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அவ்வூர் மக்கள் எப்போதும் வாயில் ஓர் இலையை அடக்கியிருந்ததைக் குறிப்பிடுகிறார். அதன் பெயர் ‘தெம்பூல்’ என்கிறார். நம் ‘தாம்பூலம்’தான் அது. அரபு மொழியிலும் வெற்றிலைக்கு ‘தன்பூல்’ என்றே பெயர்.

14ஆம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்து புறப்பட்டு மதுரை வரை வந்த இப்னு பதூதா இன்னும் விரிவாக எழுதியிருக்கிறார். வெற்றிலைக் கொடியில் பழம் எதுவும் கிடைப்பதில்லை, இலைக்காக மட்டுமே அதை வளர்க்கின்றனர் என்கிறார். ‘வெறும் இலை’ என்று நம் பெரியவர்கள் சொல்லும் விளக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது. விருந்தினருக்கு வெற்றிலை கொடுப்பதைப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட உயர்ந்த மரியாதையாக மக்கள் கருதியதையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

துணி வந்தது, பாக்கு போனது

நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து நம் மரக்காயர்களும் நகுதாக்களும் பாய்மரக் கப்பல்களில் ஏற்றி வந்த முதன்மைச் சரக்கு துணி. சோழமண்டலக் கரையின் நெசவுக்கும் சாயத்துக்கும் மலாய் உலகம் முழுவதிலும் மதிப்பு இருந்தது. திரும்பிப் போகும் கப்பலில் ஏற்றிய சரக்குகளில் பாக்குக்கு முக்கிய இடம் உண்டு. சுமத்திராவின் வடமுனையான அச்சேயில், குறிப்பாகப் பிடியே கரையில், பாக்கு மிகுதியாக விளைந்தது. அது பினாங்குக்கு வந்து சேர்ந்து, இங்கிருந்து தமிழகக் கரைக்கும் சீனாவுக்கும் போயிற்று.

இந்த வணிகத்துக்குப் பாக்கு ஏற்ற சரக்கு. நன்கு உலர்த்திய கொட்டைப்பாக்கு நீண்ட கடற்பயணத்தைத் தாங்கும். காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் கரையில் காத்திருக்க வேண்டிய வணிகருக்கு, அழுகாத சரக்கைப் போல உதவுவது வேறில்லை. வெற்றிலையின் நிலை வேறு. அது சில நாட்களில் வாடிவிடும். ஆகவே, அந்தந்த ஊர்க் கொடிக்காலில், அகத்தி மரத்தில் படரவிட்டு அதை வளர்த்தனர். ஒரே தட்டில் சேரும் இலை உள்ளூரிலிருந்தும் பாக்கு கடல் கடந்தும் வந்தன.

கெடாவில் ஏற்கெனவே குடியேறியிருந்த நம்மவர் பலர் பினாங்கு திறக்கப்பட்டதும் இங்கே வந்தனர். லைட் 1794இல் எழுதிய அறிக்கையில், சூலியர் எனப்பட்ட நம்மவர் ஏறத்தாழ 1,000 பேர் இங்கே தங்கியிருந்ததாகக் குறிப்பிடுகிறார். இவர்களைத் தவிர, சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வணிகமும் கிடைத்த வேலையும் செய்து, சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர் என்றும், அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வந்தனர் என்றும் எழுதுகிறார். அந்தச் சில வெள்ளிகளுக்காக அக்கரையில் எத்தனை தாய்மார்கள், மனைவிமார்கள் காத்திருந்தார்கள் என்பதை அறிக்கை சொல்லவில்லை. நம் குடும்பங்களுக்கு அது தெரியும். 1801இல் தொடக்கம் பெற்ற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சூலியா தெருவின் நாகூர் தர்காவும், அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இங்கேயே வேரூன்றியதன் அடையாளங்கள்.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத தட்டு

புதிய மண்ணில் கால் வைத்த நம்மவருக்கு எத்தனையோ பழக்கங்கள் அந்நியமாக இருந்திருக்கும். வெற்றிலைத் தட்டு அந்நியமாக இருந்திருக்காது. மலாய் வீட்டில் ‘தெப்பாக் சீரே’யை முன்னால் நகர்த்தினால் அதன் பொருள் என்ன என்பதை நம்மவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெண் கேட்பதற்கு மலாய் மொழியில் ‘மெமினாங்’ என்பர். அச்சொல்லுக்குள்ளும் பாக்குதான் இருக்கிறது. நம்மிடையே பாக்கு வெற்றிலை மாற்றினால் சம்பந்தம் உறுதியாயிற்று என்று பொருள். பொருத்தமான தம்பதியரை ‘இரண்டாகப் பிளந்த பாக்குப் போல’ என்று வாழ்த்துவது மலாய் வழக்கு. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத விசேஷத்துக்குப் போகமாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளும் பெரியவர்கள் நம் வழக்கு. இரு சமூகத்தாரும் கொண்டு கொடுத்து உறவானபோது, இந்த ஒரு தட்டு இரு வீட்டாருக்கும் பொதுவாக அமைந்தது.

கமுகின் பயன் கொட்டையோடு முடிவதில்லை. அதன் அகன்ற மட்டையை இங்கே ‘உப்பே’ என்பர். அதில் சோறு கட்டினர், தண்ணீர் இறைக்கும் வாளியும் செய்தனர். கம்பத்தில் வளர்ந்தவர்கள், ஒருவர் மட்டையில் உட்கார மற்றவர் ஓலையைப் பிடித்து இழுத்துச் சென்ற விளையாட்டை மறந்திருக்கமாட்டார்கள். இன்று தமிழகத்தில் அதே மட்டை அச்சில் அழுத்திய உணவுத் தட்டாகி, விருந்துகளில் பிளாஸ்டிக்குக்கு மாற்றாகப் பயன்படுகிறது.

சொல்லாமல் விடக்கூடாத உண்மை

இவ்வளவு பெருமையைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நம் பிள்ளைகளுக்கு நாம் நேர்மையாக நடந்தவர்கள் ஆகமாட்டோம். பாக்கில் ‘அரிக்கோலின்’ என்னும் பொருள் இருக்கிறது. மெல்லுவோருக்கு ஒரு சுறுசுறுப்பைத் தந்து, மீண்டும் மீண்டும் கேட்க வைப்பது அதுவே. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இலேயே அறிவித்தது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் வெளியான அதன் ஆய்வறிக்கை உறுதி செய்தது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்திய வம்சாவளியினரிடையே, அதிலும் பெண்களிடையே, மிகுந்து காணப்படுகிறது.

நம் பாட்டிமார் பல் போன பிறகும் சிறு உரலில் இடித்து மென்றவர்கள். அந்தச் சத்தத்தில்தான் நம்மில் பலர் கதை கேட்டு வளர்ந்தோம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது, சொல்லவும் வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். வீட்டில் இன்னும் மெல்லும் பெரியவர்கள் இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் ஏதேனும் உண்டா என்று அன்போடு கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தட்டை என்ன செய்வது? அது திருமண வீட்டில் இருக்கட்டும். மெல்லுவதற்காக அல்லாமல், கொடுத்த வாக்கின் அடையாளமாக இருக்கட்டும். கடன் சீட்டும் கையெழுத்தும் இல்லாமல், சொன்ன சொல்லை நம்பியே துணியும் பாக்கும் கைமாறிய காலம் ஒன்று இருந்தது. அன்று நம் முன்னோர் காப்பாற்றிய நாணயமே பின்வந்த நமக்கு இங்கே இடமும் மதிப்பும் தந்தது.

மலாய் நூல்களில் முன்னுரைக்கு ‘செக்கப்பூர் சீரே’ என்று தலைப்பிடுவதுண்டு. சுண்ணாம்பு தடவிய ஒரு வெற்றிலை என்பது அதன் பொருள். வாசகரை விருந்தினராகக் கருதி முதலில் அதை நீட்டுகிறார்கள். ஐம்பதாண்டு நிறைவில் வெளிவரும் இம்மலரை, அடுத்த ஐம்பது ஆண்டுகளை நடத்தப்போகும் நம் பிள்ளைகளுக்கு அப்படியே நீட்டுகிறோம். பாக்கு இல்லாமல், வாக்கு மட்டும் வைத்து.